கான்கிரீட் பாதையில் வடிகால் சேனல் பதிப்பது: வெட்டுவதற்கு முன் தண்ணீர் போகும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: கார் ஷெட்டை நோக்கி இறங்கும் கான்கிரீட் பாதை, அகலம் 4 மீட்டர், நீளம் 15 மீட்டர், கனம் 10 செ.மீ. கனமழை வந்தால் ஷெட் கதவுக்கு அடியில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. பாதையைக் குறுக்கே வெட்டி, மேலே கம்பி மூடி போட்ட வடிகால் சேனல் பதித்தால் நிற்குமா, ஆள் வைக்காமல் நாமே செய்ய முடியுமா?

நிற்கும். நீங்களே செய்யவும் முடியும். கூட ஒருவர் துணைக்கு இருந்தால் இரண்டு மூன்று நாள் வேலை. ஆனால் கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால், சேனலில் விழுந்த தண்ணீர் அங்கிருந்து எங்கே போகப் போகிறது என்பதை முடிவு செய்துவிடுங்கள். நான் பார்த்த சரியாக வேலை செய்யாத சேனல்களில் பெரும்பாலானவை பதித்த விதத்தால் கெட்டவை அல்ல, போகும் வழி இல்லாமல் கெட்டவை. சேனல் என்பது நீளமான ஒரு தொட்டிதான். வெளியே போகும் குழாய் சரியில்லை என்றால் சில நிமிடத்தில் நிரம்பி, தண்ணீர் அதன் மேலேறி மறுபடியும் ஷெட்டுக்குள் வரும்.

உங்கள் பாதை ஷெட்டை நோக்கி இறங்குகிறது. அப்படியானால் தெரு மேலே இருக்கிறது, பிடித்த தண்ணீரைத் திரும்பத் தெருவுக்கு வாட்டத்தில் அனுப்ப முடியாது. ஆக மூன்று வழிகள்தான் உண்டு. வீட்டின் பக்கவாட்டில் குழாய் போட்டு, மனையில் இதைவிடத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோவது முதல் வழி. இல்லையென்றால் மண்ணில் உறிஞ்சு குழி. அதுவும் முடியாவிட்டால் சேம்பர் கட்டி மோட்டார் வைத்து ஏற்றுவது. மோட்டாரைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் பெருமழையும் மின்தடையும் சேர்ந்தேதான் வரும்.

தாழ்வான இடம் உண்டா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். கண் ஏமாற்றும். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை (இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்) வைத்து அளந்து பாருங்கள், குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். கணக்கு இப்படிப் போகும். சேனலின் உள் ஆழம் தொடங்கும் முனையில் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 200-க்கு 1 என்ற வாட்டத்தில் 4 மீட்டருக்கு 2 செ.மீ. இறங்கும், ஆக முடியும் முனையில் 17 செ.மீ. அங்கிருந்து 12 மீட்டர் தூரத்துக்குக் குழாய் போட்டால், 100-க்கு 1 வாட்டத்தில் இன்னும் 12 செ.மீ. மொத்தம் 29 செ.மீ. அதாவது தண்ணீர் வெளியே விழும் இடம், சேனல் மூடியின் மட்டத்தைவிடக் குறைந்தது 29 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். அது இருந்தால் வேலையைத் தொடங்கலாம். 20 செ.மீ.தான் இருக்கிறது என்றால் ஆழம் குறைந்த சேனலைப் பாருங்கள், அல்லது குழாய்த் தூரத்தைக் குறைக்கப் பாருங்கள். "கொஞ்சம் வாட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம்" என்று மட்டும் நினைக்க வேண்டாம். வாட்டம் குறைந்த குழாயில் மண் தங்கும், இரண்டு மழைக்காலத்தில் அடைத்துவிடும்.

உறிஞ்சு குழி போடுபவர்கள் பெரும்பாலும் அளவில்தான் தவறுகிறார்கள். உங்கள் பாதையின் பரப்பு 60 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை கொட்டினால் ஒரு மணி நேரத்துக்கு 6,000 லிட்டர், அதாவது வினாடிக்கு சுமார் 1.7 லிட்டர். ஒரு 200 லிட்டர் டிரம்மைப் புதைத்து அதைக் குழி என்று சொன்னால் அது இரண்டு நிமிடத்தில் நிரம்பும். ஒரே மழையில் 50 மி.மீ. பெய்தாலும் 3,000 லிட்டர் தண்ணீருக்கு இடம் வேண்டும். ஜல்லி நிரப்பிய குழியில் மூன்றில் ஒரு பங்குதான் காலி இடம் என்பதால் குழியின் கொள்ளளவு 9 கன மீட்டர் ஆகிவிடுகிறது. பெய்யும்போதே கொஞ்சம் மண்ணில் இறங்கும், ஆனாலும் அந்த நம்பிக்கையில் குழியைப் பாதியாகச் சுருக்காதீர்கள். மண் எப்படி என்பதை முதலில் சோதியுங்கள். குழி வரப்போகும் ஆழத்தில் ஓர் அடி ஆழத்துக்கு இன்னொரு சிறு பள்ளம் எடுத்து, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிக் கவனியுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நிற்கிறதென்றால் அது களிமண், உறிஞ்சு குழி யோசனையை விட்டுவிடுங்கள். குழி எந்தக் கட்டடத்தின் அஸ்திவாரத்திலிருந்தும் 5 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

இரண்டு இடங்களுக்கு இந்தத் தண்ணீரை விடவே கூடாது. ஒன்று கழிவுநீர்க் குழாய் அல்லது செப்டிக் டேங்க். மழைநீர் வேகமாகப் புகுந்தால் டேங்கில் படிந்ததெல்லாம் கலங்கி வெளியேறும். கழிவுநீர் பின்வாங்கி வீட்டுக்குள்ளேயே வரவும் கூடும். கெட்ட வாடை சேனல் மூடி வழியாக வாசலுக்கு வரும். இன்னொன்று கிணறு. வண்டிப் பாதையில் எண்ணெய்த் துளியும் டயர்த் தூசியும் இருக்கும், அதைக் குடிநீரில் கலக்கவிடக் கூடாது. தெரு மழைநீர்க் கால்வாயில் இணைப்பதாக இருந்தால் உள்ளாட்சியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

போகும் வழி உறுதியான பிறகு சேனலைத் தேர்ந்தெடுப்பது எளிது. உள் அகலம் 10 செ.மீ. உள்ள சேனலும், வெளியே 110 மி.மீ. பிவிசி குழாயும் உங்கள் 60 சதுர மீட்டருக்குப் போதும். அந்தக் குழாய் 100-க்கு 1 வாட்டத்தில் வினாடிக்கு 6 லிட்டருக்கு மேல் கொண்டுபோகும். கூரைத் தண்ணீரும் பாதையில் விழுகிறதென்றால் கூரையின் பரப்பையும் கணக்கில் சேருங்கள். ஆனால் பாதை செங்குத்தாக இறங்கினால் வேறு பிரச்சினை வரும். வேகமாக வரும் தண்ணீர் குறுகலான மூடியின் மேலே தாவி மறுபக்கம் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் 15 அல்லது 20 செ.மீ. அகலச் சேனல் போடுங்கள், அல்லது பாதையின் நடுவில் இன்னொரு வரிசை போட்டு வேகத்தை உடையுங்கள்.

மூடியின் பலத்துக்கு இஎன் 1433 என்ற ஐரோப்பியத் தரத்தின் வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஏ15 என்றால் 15 கிலோ நியூட்டன், ஏறத்தாழ ஒன்றரை டன், ஆள் நடக்கவும் சைக்கிள் போகவும். பி125 என்றால் ஏறத்தாழ 12.5 டன், கார்களுக்கு. சி250 அதைப் போல இரண்டு மடங்கு. வீட்டுப் பாதைக்கு பி125-க்குக் கீழே இறங்காதீர்கள். தண்ணீர் லாரியோ கட்டுமானச் சாமான் ஏற்றிய வண்டியோ உள்ளே வருமென்றால் சி250 போடுங்கள். போல்ட் போட்டு இறுக்கும் மூடியாக வாங்குங்கள். சும்மா உட்கார வைத்த மூடி ஒவ்வொரு முறை டயர் ஏறும்போதும் தடதடக்கும், ஒருநாள் எகிறும். துவாரங்கள் சைக்கிள் சக்கரம் சிக்கும்படி ஓட்டும் திசையிலேயே நீளமாக இருக்கக் கூடாது.

சேனலின் உடல் பிளாஸ்டிக்கா, பாலிமர் கான்கிரீட்டா (சிமென்டுக்குப் பதில் பிசின் சேர்த்து வார்த்தது) என்று பலரும் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். வீட்டுப் பாதைக்கு இரண்டும் சரிதான். காரின் எடையைத் தாங்குவது சேனலின் சுவர் அல்ல, அதைச் சுற்றி நீங்கள் போடப்போகும் கான்கிரீட். பி125 அளவுக்கு அடியிலும் இரு பக்கத்திலும் 10 செ.மீ. கனம் வேண்டும், சி250 என்றால் 15 செ.மீ. வாங்கும் சேனலோடு வரும் பதிப்பு வரைபடத்தில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சேனலை மண்ணில் வைத்து, பக்கத்தில் மணலைக் கொட்டி, மேலே மட்டும் கலவை பூசி முடித்த வேலைகளைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டுக்குள் ஓரம் உடைந்து மூடி ஆடத் தொடங்கிவிடும்.

இன்னொரு விஷயம், சேனலின் உள்வாட்டம். உங்கள் பாதை குறுக்குவாக்கில் மட்டமாக இருந்தால் மூடியும் மட்டமாகத்தான் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் ஒரு முனை கான்கிரீட்டுக்கு மேலே துருத்தும். அப்போது வாட்டம் சேனலுக்குள்ளேயே வர வேண்டும். ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடச் சற்று ஆழமாக வரும்படி, எண் போட்டு விற்கும் வகை உண்டு, அதை வாங்குங்கள். ஒரே ஆழமுள்ள வகைதான் கிடைக்கிறதென்றால், தண்ணீர் வெளியேறும் வாயைச் சேனலின் நடுவில் வையுங்கள். தண்ணீர் ஓட வேண்டிய தூரம் பாதியாகிவிடும். உள்ளே தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும்.

சரி, இப்போது வெட்டும் இடம். கதவை ஒட்டியே வெட்ட வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். அங்கே வாசல் கட்டைக்கு அடியில் பீம் இருக்கலாம், பக்கத்தில் 10 செ.மீ. கான்கிரீட் போட இடமும் இருக்காது. கதவிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். ஆனால் இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: சேனலுக்கும் கதவுக்கும் நடுவில் மிஞ்சும் அந்த ஓர் அடிப் பட்டை இன்னமும் கதவை நோக்கித்தான் சரிந்திருக்கும். கதவின் மேல் அடிக்கும் சாரல் அதில் விழுந்து உள்ளே போகும். எனவே அந்தப் பட்டையையும் சேர்த்தே உடைத்து எடுத்து, சேனலை நோக்கி வாட்டம் வரும்படி மறுபடி போடுங்கள். அதே போலச் சேனல் சுவரிலிருந்து சுவர் வரை முழு அகலத்துக்கும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அரை அடி விட்டால் தண்ணீர் அந்த அரை அடியைத் தேடிப் போகும்.

வெட்டுவதற்கு முன் அடியில் தண்ணீர்க் குழாய், மின் கேபிள் போகிறதா என்று விசாரித்துவிடுங்கள். அப்புறம் சுண்ணாம்பு நூல் அடித்து இரண்டு கோடு போடுங்கள். வெளி அகலம் சுமார் 15 செ.மீ. உள்ள சேனலுக்குப் பள்ளத்தின் அகலம் 35 முதல் 40 செ.மீ. ஒன்பது அங்குல கிரைண்டரின் வைர பிளேடு ஆறேழு செ.மீ. ஆழம்தான் இறங்கும். 14 அங்குல பிளேடு உள்ள கட்டிங் மெஷின் 12 செ.மீ. வரை போகும், உங்கள் 10 செ.மீ. கான்கிரீட்டுக்கு அதுதான் பொருத்தம். பிளேடில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டுங்கள். உலர்ந்து பறக்கும் அந்த வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. ஈரமாக வெட்டினாலும் என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம், கண்ணாடி, காதுக்கு அடைப்பு மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். மின்சார மெஷின் என்றால் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இல்லாத பாயிண்டில் செருகவே செருகாதீர்கள்.

இரு கோட்டையும் வெட்டிய பிறகு, குறுக்கே ஓர் அடிக்கு ஒரு வெட்டு போடுங்கள். கடப்பாரையால் நெம்பி எடுக்க வசதியாக இருக்கும். 40 செ.மீ. அகலத்தில் 4 மீட்டர் நீளக் கான்கிரீட் என்பது ஏறத்தாழ 380 கிலோ. துண்டு துண்டாகவே தூக்குங்கள். உள்ளே கம்பி வலை இருந்தால் வெட்டுக்கோட்டிலேயே அறுத்துவிடலாம். பிறகு பள்ளத்தை, சேனலின் முழு உயரத்துக்கும் மேல் 10 செ.மீ. கூடுதலாக வரும்படி ஆழப்படுத்தி, அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்குங்கள். இளகிய மண் மேல் சேனல் வைத்தால் நடுவில் இறங்கும், வாட்டம் போய்விடும்.

வெளிக்குழாயை முதலில் போட்டு முடியுங்கள். சேனலும் குழாயும் சேருமிடத்தில் வண்டல் தங்க ஒரு சிறு சேம்பர் கட்டாயம் வேண்டும். அதன் தரை, குழாயின் வாயைவிட 15 செ.மீ.யாவது ஆழமாக இருக்கட்டும். மணலும் இலையும் அங்கே தங்கும், குழாய்க்குள் போகாது. சேனல் துண்டுகளை இந்த முனையிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கோத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு துண்டிலும் நீரோட்டத் திசைக்கு அம்புக்குறி இருக்கும், ஒன்றுகூடத் திரும்பியிருக்கக் கூடாது. இணைப்புகளில் பாலியூரித்தேன் சீலன்ட் வைத்துச் சேருங்கள். கடைசி முனைக்கு மூடி போடுங்கள்.

மட்டம் பிடிப்பதில்தான் நான் நேரத்தைத் தாராளமாகச் செலவிடுவேன். இரு பக்கக் கான்கிரீட்டின் மேல் குறுக்கே ரீப்பர் கட்டைகளை வைத்து, சேனலை அவற்றில் கட்டித் தொங்கவிடுவது எனக்குப் பிடித்த முறை. மூடியின் மேற்பரப்பு, பக்கத்துக் கான்கிரீட்டைவிட 3 முதல் 5 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். சேனல் ஒரு நூல் உயர்ந்து நின்றால்கூடத் தண்ணீர் அதன் ஓரத்தில் முட்டி நின்றுவிடும், டயரும் ஒவ்வொரு முறையும் அதில் மோதும். கட்டைக்கும் மூடிக்கும் நடுவில் 4 மி.மீ. தகடு ஒன்றை வைத்துக் கட்டினால் இந்த அளவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரும். நூல் கட்டி நேர்கோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் கட்டியதும் சேனலில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எங்காவது தேங்கினால், இணைப்பில் கசிந்தால், இப்போது திருத்துவது பத்து நிமிட வேலை.

கான்கிரீட் போடும்போது மூடிகள் சேனலிலேயே இருக்கட்டும். மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். முன்பு ஒரு வீட்டில் மூடி அழுக்காகாமல் இருக்கட்டும் என்று கழற்றி வைத்துவிட்டுப் போட்டோம். ஈரக் கலவை இரு பக்கமும் அழுத்தியதில் சேனல் சுவர் உள்ளே வளைந்து, மறுநாள் மூடி உட்காரவில்லை. நான்கு மீட்டரையும் உடைத்து மறுபடி போட வேண்டியதாயிற்று. பிளாஸ்டிக் சேனல் ஈரக் கலவையில் மிதந்து மேலேயும் வரும். அதனால் முதலில் அடிப்பகுதியையும், பக்கத்தில் பாதி உயரம் வரையும் போட்டு, சற்று இறுகும் வரை விட்டு, அதே நாளில் மீதியைப் போடுங்கள். இரு பக்கமும் மாறி மாறிப் போட வேண்டும். ஒரே பக்கம் கொட்டினால் சேனல் நகர்ந்துவிடும்.

கலவை எம்25 என்ற கான்கிரீட் பலத் தரத்தில் இருக்கட்டும். கையால் கலப்பதென்றால் சிமென்ட், மணல், ஜல்லி 1:1:2, ஜல்லி 20 மி.மீ.க்கு மேற்படாமல். சேனலைச் சுற்றி மட்டும் 0.4 கன மீட்டர் வரை பிடிக்கும், 50 கிலோ சிமென்ட் நான்கைந்து மூட்டை. கதவோரப் பட்டைக்குத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கலவையைத் தண்ணீராக விடாதீர்கள், மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போக வேண்டாம். கம்பியால் நன்றாகக் குத்திவிடுங்கள், சேனலின் அடியில் காற்று தங்கினால் அந்த இடம்தான் பின்னால் உடையும்.

பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவில் 10 மி.மீ. தெர்மோகோல் அல்லது ஃபோம் பட்டை வையுங்கள். 15 மீட்டர் நீளப் பாதை வெயிலில் நீளும், அந்த நீட்சிக்கு இடம் தராவிட்டால் அது சேனலைத்தான் நெருக்கும். இறுகிய பின் பட்டையின் மேல் பகுதியைச் சுரண்டி எடுத்து சீலன்ட் அடைத்துவிடலாம். மேற்பரப்பை மட்டப்பலகையால் சேனலை நோக்கி இழுத்து முடித்து, பிரஷ்ஷால் ஒரு முறை வருடிவிடுங்கள். வழவழப்பாக விட்டால் மழையில் வழுக்கும்.

மறுநாளிலிருந்து ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு ஊறவிடுங்கள். அதுவரை வண்டி ஏறக் கூடாது. ஏழு நாளுக்குப் பிறகு கார் போகலாம், கனமான வண்டிக்கு 28 நாள் பொறுங்கள். அவசரத்துக்குத் தெருவிலேயே நிறுத்திக்கொள்ள இப்போதே ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பெரிய மழை விட்டதும் சேம்பரைத் திறந்து பாருங்கள். வெட்டும்போதும் கலக்கும்போதும் விழுந்த மணல் முழுக்க அதில் வந்து நிற்கும். அதை அள்ளிவிட்டு, மூடி போல்ட்டுகளை இன்னொரு முறை முடுக்கிவிடுங்கள். பிறகு மழைக்காலத்துக்கு முன்பு ஒரு முறை, இலை உதிரும் மரம் பக்கத்தில் இருந்தால் மாதம் ஒரு முறை, மூடியைக் கழற்றிச் சேனலைக் கழுவினால் போதும்.